குமாஸ்தாவாயிருந்து வான சாஸ்திரியான பெஸ்ஸல்

வானத்தில் வால் நட்சத்திரம் தோன்றினால் தேசத்துக்குக் கேடு விளையும் என்ற நம்பிக்கை எந்த ஒரு நாட்டுக்கும் தனிச் சொத்தன்று. நம் முன்னோர் அதைத் தூமகேது என்று அழைத்து, அரசனுக்கு ஆபத்து என்றும், மழை பொய்க்கும் என்றும், கொள்ளை நோய் பரவும் என்றும் அஞ்சினர். நாகரிகத்தில் தலைசிறந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஐரோப்பியரும் அவ்விதமே அஞ்சினர். 1811-ம் வருஷத்தில் ஒரு பெரிய வால் நட்சத்திரம் பல மாதங்கள் வெறுங் கண்ணுக்கே புலப்பட்டு நின்றது. அடுத்த வருஷம் நெப்போலியன் ருஷியாவின் மீது படையெடுத்துச் சென்று, பனியிலும் பசியிலும் தன் பெருஞ் சேனையை இழந்து திரும்பினான். அந்த நாசத்தை முன்னறிவிக்கவே அந்த நட்சத்திரம் தோன்றியதென்று ஐரோப்பாவில் படித்தவர்களும் படியாதவர்களும் ஒருங்கே பேசிக்கொண்டனர்.

இந்தப் பயம் உலகைவிட்டு எவ்வாறு நீங்கிற்று? பயப்படாதீர்கள் என்று யாரோ உபதேசம் செய்ததனால் நீங்கவில்லை. உபதேசத்தினால் நீங்கும் பயம் அடுத்த நட்சத்திரம் வந்தவுடன் திரும்பிவிடும். இரவெல்லாம் கண் விழித்து, பகலெல்லாம் கணக்குப் போட்டு, இந்த நட்சத்திரம் இன்ன பாதையில் வருகிறது, இன்ன நாளில் சூரியனை அணுகும், இத்தனை வருஷங்களுக்குப் பிறகு திரும்பும் என்று எழுதி வைத்துவிட்டுப் போன சில மனிதர்களால்தான் அது நீங்கிற்று. வழியும் வேளையும் தெரிந்துவிட்ட பிறகு விருந்தாளியைக் கண்டு எவன் நடுங்குவான்?

இங்கிலாந்தில் ஹாலி என்பவர் 1682-ல் தாம் கண்ட வால் நட்சத்திரமும், 1607-லும் 1531-லும் தோன்றியவையும் ஒன்றே என்று கணித்து, அது 1758-ம் வருஷ முடிவில் திரும்பும் என்று சொல்லிவிட்டு இறந்தார். அவ்வருஷம் டிசம்பர் 25-ம் தேதி ஸாக்ஸனி தேசத்தில் பாலிட்ஷ் என்ற ஒரு குடியானவர் அதை முதன் முதலில் கண்டார். அன்று முதல் தூமகேது சட்டத்துக்கு உட்பட்ட பிரஜையாகிவிட்டது. ஆயினும் சட்டம் ஒன்றிருப்பதை அறிவது வேறு. ஒவ்வொரு வழக்கிலும் அதைச் செலுத்தித் தீர்ப்புச் சொல்வது வேறு. அந்த இரண்டாவது வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டினருக்கு விடப்பட்டது. அவர்களுள் முதல் வரிசையில் நின்ற பிரெடெரிக் வில்ஹெல்ம் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியரின் சரித்திரத்தை இன்று நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பெஸ்ஸல் 1784-ம் வருஷம் ஜூலை மாதம் 22-ம் தேதி பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்த மிண்டன் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். தாயார் ஒரு பாதிரியாரின் குமாரத்தி. வீட்டில் ஆண் மக்கள் மூவர், பெண் மக்கள் அறுவர். குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை பிரகாசிக்கவில்லை. அக்காலத்தில் கல்வி என்றால் லத்தீன் பாஷை. லத்தீனோ அவருக்கு வேம்பாய்க் கசந்தது. கணக்கு மட்டுமே பிடித்தது. கணக்குப் பிடித்த பிள்ளைக்குக் கடையே தகுந்த இடம் என்று பெற்றோர் தீர்மானித்தனர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். அத்துடன் அவருடைய முறையான படிப்பு முடிந்தது. அதன்பின் அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் மாணாக்கராக உட்காரவேயில்லை.

1799-ம் வருஷ ஆரம்பத்தில் பிரேமன் துறைமுகத்தில் குலென்காம்ப் என்ற வியாபாரக் கம்பெனியில் அவரைச் சேர்த்தனர். ஏழு வருஷம் வேலை பழக வேண்டும், ஆரம்பத்தில் சம்பளமில்லை. பகலெல்லாம் பேரேடும் கடிதமும் சரக்குக் கணக்குமாகக் கழிந்தது. கப்பலோடு செல்லும் சரக்குப் பொறுப்பாளராகித் தூர தேசங்களைப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைக்கு ஆசை. அதற்காக இரவில் பூகோளம் படித்தார். இங்கிலீஷும் ஸ்பானிஷும் படித்தார். கப்பல் ஏறுகிறவனுக்கு நடுக்கடலில் தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காக மாலுமிகளின் சாஸ்திரத்தைக் கையில் எடுத்தார். அந்தப் புஸ்தகம் இன்ன நட்சத்திரத்தை இப்படி அளக்க வேண்டும் என்று விதியைச் சொல்லிற்றேயொழிய, ஏன் என்ற காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் தெரியாத விதியைப் பின்பற்ற பெஸ்ஸலின் மனம் ஒப்பவில்லை. காரணத்தைத் தேடி வான சாஸ்திரத்துக்குச் சென்றார். வான சாஸ்திரம் விளங்குவதற்காக உயர்ந்த கணிதத்துக்குச் சென்றார். ஒரு சிநேகிதருடன் சேர்ந்து கோணம் அளக்கும் கருவி ஒன்றைத் தாமே செய்துகொண்டு, சந்திரன் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தைக் குறித்து, அதிலிருந்து பிரேமன் நகரத்தின் தீர்க்கரேகையைக் கணித்தார். கப்பல் ஏறும் ஆசை எங்கேயோ மறைந்துபோயிற்று. வானமே அவருக்குச் சமுத்திரமாகிவிட்டது.

இவ்விடத்தில் வால் நட்சத்திரத்தின் பாதையைக் கணிப்பது எத்தகைய வேலை என்பதைச் சிறிது விளக்குவது அவசியம். பூமியிலிருந்து பார்ப்பவனுக்கு நட்சத்திரம் இருக்கும் திசை மட்டுமே தெரியும், தூரம் தெரியாது. பார்க்கிறவனும் நிலையாக நிற்கவில்லை. அவனைச் சுமந்துகொண்டு பூமியே சூரியனைச் சுற்றி ஓடுகிறது. ஓடும் வண்டியிலிருந்து வேறொரு ஓடும் வண்டியை மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அது எங்கிருந்து புறப்பட்டது, எங்கே போகிறது, எப்பொழுது திரும்பும் என்று சொல்வதற்கு ஒப்பாகும் இது. அன்றியும் வால் நட்சத்திரம் தன் நீண்ட பாதையில் சூரியனுக்கு அருகிலுள்ள சிறு துண்டில் மட்டுமே நமக்குத் தெரிகிறது. ஒரு பெரிய ஏரிக்கரையின் ஒரு மூலையில் பத்தடியை மட்டும் காட்டி, ஏரியின் விஸ்தீரணம் என்ன என்று கேட்டால் எப்படியிருக்கும்? அளவில் மயிரிழை பிசகினாலும் எழுபது வருஷம் எழுநூறாகிவிடும். திரும்பி வரும் நட்சத்திரம் என்றைக்கும் திரும்பாததாகிவிடும். இவற்றோடு, வழியில் வியாழனும் சனியும் தம் ஆகர்ஷண சக்தியால் அதை இழுத்து வேகத்தை மாற்றுகின்றன. அந்த இழுப்பையும் நாள் நாளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிரேமன் நகரத்திலேயே இக்கலையில் ஐரோப்பா முழுவதிலும் பேர் பெற்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஓல்பர்ஸ், தொழிலில் வைத்தியர். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். இரவில் தம் வீட்டு மாடியில் நட்சத்திரங்களைப் பார்ப்பார். சில அளவுகளைக் கொண்டே வால் நட்சத்திரத்தின் பாதையை எளிதில் கணிக்கும் முறை ஒன்றை 1797-ல் அவர் வெளியிட்டிருந்தார். அந்த முறையை பெஸ்ஸல் கற்றுக்கொண்டார். 1607-ம் வருஷத்தில் ஹாலியின் வால் நட்சத்திரம் தோன்றியபோது இங்கிலாந்தில் ஹாரியட் முதலியோர் எடுத்து வைத்த அளவுகள் இருநூறு வருஷங்களாகத் தூங்கிக்கிடந்து, அப்பொழுதுதான் அச்சில் வந்திருந்தன. தூரதிருஷ்டிக் கண்ணாடி வழக்கத்துக்கு வருவதற்கு முன் எடுத்த அளவுகள் அவை. அவற்றைச் சோதித்து, திருத்தி, நட்சத்திரத்தின் பாதையை பெஸ்ஸல் புதிதாகக் கணித்தார். பகல் முழுவதும் கம்பெனி வேலை; கணக்குப் போட்டதெல்லாம் இரவில்.

கட்டுரை முடிந்தது. அதை யாரிடம் காட்டுவது? இருபது வயது குமாஸ்தா. சிபாரிசு செய்ய ஒருவருமில்லை. 1804-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் ஒருநாள் ஓல்பர்ஸ் தெருவில் போவதைக் கண்டு, துணிந்து அருகே சென்று, தாம் எழுதியதைப் பார்வையிட முடியுமா என்று கேட்டார். ஓல்பர்ஸ் பெரிய மனிதர், நோயாளிகள் காத்திருப்பார்கள். பிறகு பார்ப்போம் என்று சொல்லிப் போயிருந்தால் அவரைக் குறை கூறுவார் யாருமில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. வாங்கிப் படித்தார். பட்டம் பெற்ற பண்டிதர்கள் பெருமைப்படத்தக்க வேலை இது என்று கண்டார். உடனே அதை வான சாஸ்திரப் பத்திரிகையில் பிரசுரிக்க ஏற்பாடு செய்தார், புஸ்தகங்கள் கொடுத்தார், மேலே செய்ய வேண்டிய வேலைகளையும் காட்டினார். பல வருஷங்களுக்குப் பிறகு, இரண்டு சிறு கிரகங்களையும் பல வால் நட்சத்திரங்களையும் கண்டுபிடித்திருந்த அந்த வைத்தியர், வான சாஸ்திரத்துக்குத் தாம் செய்த மிகப் பெரிய சேவை பெஸ்ஸலைக் கண்டுபிடித்ததே என்று கருதினார். தகுதியைக் கண்டவுடன் பொறாமைப்படாமல் கைதூக்கிவிடும் குணம், தகுதியைக் காட்டிலும் அரிது என்பது நம் அபிப்பிராயம்.

1806-ல் கம்பெனியின் ஒப்பந்த காலம் முடிந்தது. இனி நல்ல சம்பளமும் உயர்ந்த ஸ்தானமும் காத்திருந்தன. அதே சமயத்தில் பிரேமனுக்கு அருகேயுள்ள லிலியந்தால் என்னும் கிராமத்தில் ஷ்ரோட்டர் என்பவரின் சொந்த வான ஆராய்ச்சிச் சாலையில் உதவியாளர் வேலை காலியாயிற்று. சம்பளம் சொற்பம். பெஸ்ஸல் சொற்பச் சம்பளத்தையே தேர்ந்தெடுத்தார். அடுத்த வருஷம், 1807-ல், ஒரு பெரிய வால் நட்சத்திரம் வானில் தோன்றிற்று. லிலியந்தாலில் அதை அளந்து, மற்ற இடங்களின் அளவுகளையும் சேர்த்து, கிரகங்களின் இழுப்பையும் கணக்கிட்டு, 1810-ல் அதன் பாதையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நட்சத்திரம் ஒரு சுற்று முடிக்க ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகும் என்று அதில் நிரூபித்தார். வால் நட்சத்திரத்தின் கணக்கு எவ்வளவு சிரத்தையுடன் செய்யப்பட வேண்டும் என்பதற்கு அந்நூல் மாதிரியாயிற்று.

நிற்க. அப்பொழுது பிரஷ்ய தேசம் இருந்த நிலைமையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1806-ல் யேனா யுத்தத்தில் நெப்போலியன் அத்தேசத்தை முறியடித்தான். அடுத்த வருஷத்து உடன்படிக்கையில் ராஜ்யத்தின் பாதியை அது இழந்தது. மிச்சமிருந்த பாதி கப்பம் கட்டி நொந்தது. தலைநகரில் இருக்க முடியாத அரசன் கிழக்கு மூலையிலுள்ள கோனிக்ஸ்பெர்க் நகரத்துக்குப் போயிருந்தான். அந்தச் சமயத்தில் அத்தேசத்தின் அறிஞர்கள் கல்விச் சாலைகளைப் புதுப்பிப்பதில் முனைந்தனர். 1810-ல் பெர்லினில் புதிய சர்வகலாசாலை ஆரம்பமாயிற்று. கோனிக்ஸ்பெர்க்கில் வான ஆராய்ச்சிச் சாலை ஒன்று கட்டுவதென்று முடிவாயிற்று. கஜானா காலியாக இருக்கும்போது நட்சத்திரம் பார்க்கக் கட்டடமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தோற்ற தேசம் தன் அறிவையும் அடகு வைத்துவிட்டால் மீள்வதற்கு வழியேயில்லை என்று அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

அந்தச் சாலைக்குத் தலைவராகவும், சர்வகலாசாலையில் ஆசிரியராகவும் பெஸ்ஸல் அழைக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. தத்துவ ஞானி கான்ட் போதித்த அந்தப் புகழ்பெற்ற இடத்தில், கல்லூரி வாசலையே மிதியாத ஒரு பழைய குமாஸ்தா ஆசிரியராவதா என்ற சிக்கல் கிளம்பிற்று. ஆசிரியராவதற்கு டாக்டர் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. கணித சாஸ்திரத்தின் சக்கரவர்த்தி என்று சொல்லத்தக்க கௌஸ் இவருடைய தகுதியை நன்கு அறிந்தவர். அவருடைய சிபாரிசின் பேரில் கோட்டிங்கன் சர்வகலாசாலை 1811-ல் கௌரவப் பட்டம் வழங்கிற்று. சிக்கல் தீர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. நாமும் பட்டம் பெற்று, கறுப்பு அங்கி அணிந்து நீதிஸ்தலத்தில் நின்றவர்களே. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துக்கள் சேர்ந்துவிட்டால் ஒருவன் தன்னைப் பற்றி என்னென்ன நினைத்துக்கொள்கிறான் என்பதை அநுபவத்தில் அறிவோம். பட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது கற்றதற்கு அத்தாட்சியேயன்றிக் கல்வியாகாது. அத்தாட்சியில்லாத இடத்திலும் உண்மை இருக்கக்கூடும் என்பதை ஓல்பர்ஸும் கௌஸும் அறிந்திருந்தார்கள். விதியை மீறாமலே விதியின் கண்மூடித்தனத்தை நீக்க அவர்கள் வழி கண்டார்கள். ஒரு தேசத்தில் மேதாவிகள் பிறந்தால் மட்டும் போதாது. அவர்களை அடையாளம் காணும் பெரியோரும் வேண்டும்.

கோனிக்ஸ்பெர்க் ஆராய்ச்சிச் சாலை 1813-ல் முடிந்தது. நெப்போலியனின் சேனை அவ்வழியே ருஷியாவுக்குச் சென்று சிதறித் திரும்பிய காலத்தில் அதன் சுவர்கள் எழும்பின. பெஸ்ஸல் அதில் குடியேறி, முப்பத்து மூன்று வருஷம் கழித்து அங்கேயே உயிர் நீத்தார். பெர்லினுக்கு வரும்படி அழைப்பு வந்தபோதும் அவர் இடத்தைவிட்டு நகரவில்லை. என்க்கே என்ற வேறொரு வான சாஸ்திரியைச் சிபாரிசு செய்து அனுப்பினார்.

அங்கே அவர் செய்த வேலையின் அடிப்படை ஒன்றே. எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணையின்றி ஏற்பதில்லை என்பதே அது. நல்ல சாட்சி பொய் சொல்லமாட்டான். ஆனால் தவறிச் சொல்லக்கூடும். அதுபோலவே எவ்வளவு விலையுயர்ந்த கருவியிலும் பிழையுண்டு. கோடுகள் மயிரளவு விலகியிருக்கும். உலோகம் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும். காற்று ஒளியை வளைக்கும். கருவியைத் தொழிலாளி ஒருமுறை செய்கிறான்; அதன் பிழைகளை ஒவ்வொன்றாக அளந்து கணக்கில் கழிப்பவன் இரண்டாம் முறை செய்கிறான் என்பது பெஸ்ஸலின் கொள்கை.

கருவியோடு அவர் நிற்கவில்லை. பார்க்கும் மனிதனையும் கூண்டில் ஏற்றினார். 1796-ல் இங்கிலாந்தின் கிரீனிச் ஆராய்ச்சிச் சாலையில் கின்னபுரூக் என்ற உதவியாளர், நட்சத்திரம் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தலைவர் குறிப்பதைவிட முக்கால் விநாடிக்குச் சற்று மேல் தாமதமாகக் குறித்தார் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தச் செய்தியை பெஸ்ஸல் பல வருஷங்களுக்குப் பிறகு படித்தார். அஜாக்கிரதையென்று மற்றவர்கள் விட்டுவிட்ட விஷயத்தை அவர் விடவில்லை. தம்மையும் பிற வான சாஸ்திரிகளையும் ஒப்பிட்டுச் சோதித்தார். இருவர் ஒரே நட்சத்திரத்தை ஒரே ஜாக்கிரதையுடன் பார்த்தாலும் குறிக்கும் நேரம் வேறுபடும்; ஒவ்வொருவருக்கும் சொந்தமான ஒரு வித்தியாசம் உண்டு; சில ஜோடிகளிடையே அது கின்னபுரூக்குடையதைவிட அதிகம் என்று கண்டார். வேலை போன உதவியாளர் குற்றவாளியல்லர் என்பது இவ்வாறு விளங்கிற்று. ஆனால் அந்தத் தீர்ப்பு அவருடைய ஆயுட்காலத்துக்குள் வந்து சேரவில்லை.

கிரீனிச்சில் பிராட்லி என்ற பெரியார் 1750 முதல் 1762 வரை எடுத்த அளவுகளை இம்முறையில் சுத்தி செய்து, 3,222 நட்சத்திரங்களின் ஸ்தானங்களை 1818-ல் பெஸ்ஸல் வெளியிட்டார். பின்னர் 1821 முதல் 1833 வரை சுமார் 75,000 நட்சத்திரங்களைத் தாமே அளந்தார். இதற்கும் வால் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். வழிப்போக்கன் எங்கே நிற்கிறான் என்று சொல்வதற்கு அக்கம்பக்கத்து வீடுகளின் இலக்கம் தெரிந்திருக்க வேண்டும். நிலையான நட்சத்திரங்களின் இடம் சரியாகத் தெரிந்தால்தான் அவற்றினிடையே ஊர்ந்து செல்லும் வால் நட்சத்திரத்தின் இடம் சரியாகும். அவருடைய மாணாக்கர் அர்கெலாண்டர், உலகை நடுக்கிய அந்த 1811-ம் வருஷத்து வால் நட்சத்திரத்தின் பாதையைக் கணித்து, அது ஒரு சுற்று முடிக்க 3,000 வருஷங்களுக்கு மேலாகும் என்று காட்டினார். நெப்போலியனுக்கும் அதற்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

1815-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஓல்பர்ஸ் பிரேமனில் ஒரு புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டார். குருவின் நட்சத்திரத்துக்கு சிஷ்யர் கணக்குப் போட்டார். அது எழுபது வருஷங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் சுற்றி வருவது. 1887-ல் திரும்பும் என்று பெஸ்ஸல் எழுதினார். அந்த வருஷத்தில் தாம் இருவரும் இருக்கப்போவதில்லை என்பதை அவர் நன்கு அறிவார். தான் உண்ணாத பழத்துக்கு மரம் நடுபவன் செயலை இது ஒத்தது.

1835-ல் ஹாலியின் நட்சத்திரம் மறுபடியும் வந்தது. இளமையில் எந்த நட்சத்திரத்தின் பழைய கணக்கு அவருக்கு வாழ்வளித்ததோ, அதையே ஐம்பத்தொன்றாவது வயதில் நேரில் கண்டார். அது வரும் நாளை முன்கூட்டிக் கணித்தவர்களுள் அவருடைய மாணாக்கர் ரோஸன்பெர்கரும் ஒருவர். அக்டோபர் மாதத்து இரவுகளில் பெஸ்ஸல் அதன் தலையைக் கவனித்தபோது, அதிலிருந்து சூரியனை நோக்கி ஒளியுள்ள ஒரு பீச்சல் வெளிப்படுவதையும், அது கடிகாரத்தின் ஊசற்குண்டு போல் இப்புறமும் அப்புறமும் ஆடுவதையும் கண்டார். சூரியனை நோக்கிப் புறப்பட்ட அந்தப் பொருள் பின்னர் சூரியனால் தள்ளப்பட்டுத் திரும்பி வாலாக நீளுகிறது என்று 1836-ல் விளக்கம் எழுதினார். வால் எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளுவதற்குக் காரணம் தேடியவர்களுக்கு அது ஒரு புதிய வாயிலைத் திறந்தது.

அதிலிருந்து வேறொரு விவகாரமும் பிறந்தது. பிரான்ஸில் மார்ஸேல்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் வாயிற்காப்போனாக இருந்து வான சாஸ்திரியாக உயர்ந்த போன்ஸ் என்பவர் 1818-ல் கண்ட ஒரு வால் நட்சத்திரம், 3 வருஷமும் சுமார் 4 மாதமும் கொண்ட குறுகிய காலத்தில் சூரியனைச் சுற்றுகிறது என்று என்க்கே கணித்தார். அது ஒவ்வொரு சுற்றிலும் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்தது. வானவெளியில் ஏதோ மெல்லிய பொருள் பரவி அதைத் தடுப்பதனால் அதன் பாதை குறுகுகிறது என்பது என்க்கேயின் முடிவு. பெஸ்ஸல் அதற்கு உடன்படவில்லை. நட்சத்திரத்திலிருந்து பொருள் பீச்சியடிக்குமானால், துப்பாக்கி சுட்டவனைப் பின்னே தள்ளுவதுபோல் அந்தப் பீச்சல் நட்சத்திரத்தையே தள்ளி அதன் காலத்தை மாற்றக்கூடும். அப்படியிருக்க, கண்ணில் காணாத ஒரு பொருளை ஏன் கற்பிக்க வேண்டும் என்று அவர் வாதித்தார். என்க்கே தம் கொள்கையைக் கடைசி வரையில் விடவில்லை. இருவருக்குமிடையே மனத்தாங்கலும் ஏற்பட்டது. அக்காலத்து அறிஞர்களுள் பலர் என்க்கேயின் பக்கமே நின்றனர்.

1838-ல் பெஸ்ஸல் செய்த காரியம் அவருடைய பெயரை நிலைநாட்டிற்று. பூமி சூரியனைச் சுற்றுவது மெய்யானால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது அருகேயுள்ள நட்சத்திரம் சிறிது இடம் மாறித் தோன்ற வேண்டும். கோப்பர்னிகஸ் காலம் முதல் சுமார் முந்நூறு வருஷங்களாகப் பலர் தேடியும் அந்த மாற்றம் அகப்படவில்லை. பிரௌன்ஹோபர் என்ற கண்ணாடி நிபுணரின் தொழிற்சாலையில் செய்த கருவியைக்கொண்டு, அன்னப்பறவை மண்டலத்தில் 61-ம் இலக்கமுள்ள மங்கிய நட்சத்திரத்தை ஒரு வருஷத்துக்கு மேல் இரவிரவாக அளந்து, பெஸ்ஸல் அதைப் பிடித்தார். அவர் கண்ட கோணம், ஓர் அங்குல அகலமுள்ள பொருளைப் பத்து மைலுக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமானம். அந்த நட்சத்திரத்தின் ஒளி நம்மை அடையப் பத்து வருஷத்துக்குச் சற்று மேலாகும் என்று கணித்தார். இன்றைய கணக்கு பதினொன்றரை வருஷத்தை ஒட்டியிருக்கிறது. ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை மனிதன் நம்பத்தக்க விதமாக அளந்தது அதுவே முதல் தடவை. 1841-ல் லண்டன் ராயல் வான சாஸ்திர சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

புகழ் உச்சியை அடைந்த சமயத்தில் துக்கமும் வந்தது. 1840-ல் ஓல்பர்ஸ் எண்பத்தொரு வயதில் காலமானார். அதே வருஷத்தில் பெஸ்ஸலின் குமாரர் வில்ஹெல்ம் வாலிபத்திலேயே மாண்டார். யுரேனஸ் கிரகத்தின் ஓட்டத்தில் கணக்குக்கு அடங்காத பிசகு இருப்பதைக் கண்டு, அதற்கப்பால் வேறொரு கிரகம் இருக்க வேண்டுமென்று ஊகித்து, அதற்கான பூர்வாங்க வேலையை ஓர் இளம் உதவியாளரிடம் பெஸ்ஸல் கொடுத்திருந்தார். அவரும் அவ்வருஷமே இறந்தார். தகப்பனாரின் மனம் உடைந்தது, தேகமும் தளர்ந்தது. ஆயினும் 1844-ல், ஸிரியஸ் என்னும் பிரகாசமான நட்சத்திரமும் புரோஸியன் என்னும் நட்சத்திரமும் நேராகச் செல்லாமல் நெளிந்து செல்வதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று ஒவ்வொன்றையும் இழுக்கிறது என்று அறிவித்தார். நீண்ட காலம் நோயினால் வருந்தி, 1846-ம் வருஷம் மார்ச் மாதம் 17-ம் தேதி தமது அறுபத்தொன்றாவது வயதில் உயிர் நீத்தார். ஆராய்ச்சிச் சாலைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

அவர் தொடுத்த வழக்குகளில் தீர்ப்புகள் அவருக்குப் பின் ஒவ்வொன்றாக வந்தன. அவர் இறந்து ஆறு மாதத்தில், 1846 செப்டம்பர் 23-ம் தேதி, யுரேனஸுக்கு அப்பாலுள்ள நெப்டியூன் கிரகம் பெர்லினில் காணப்பட்டது. ஸிரியஸின் துணை 1862-லும், புரோஸியனின் துணை 1896-லும் கண்ணுக்குத் தெரிந்தன. ஓல்பர்ஸின் வால் நட்சத்திரம் 1887-ல் திரும்பி வந்தது. குறித்த நாளுக்குச் சில மாதங்கள் தாமதம், அவ்வளவே. என்க்கேயோடு நடந்த வழக்குத்தான் மிகவும் நீண்டது. 1950-ல் அமெரிக்க வான சாஸ்திரி விப்பிள், வால் நட்சத்திரத்தின் கரு தூசி கலந்த பனிக்கட்டி என்றும், சூரிய வெப்பத்தால் அதிலிருந்து ஆவி பீச்சுவதே காலம் மாறுவதற்குக் காரணம் என்றும் நிறுவினார். ஹாலியின் நட்சத்திரமோ ஒவ்வொரு சுற்றிலும் சுமார் நான்கு நாள் தாமதிக்கிறது; வெளியிலுள்ள பொருளின் தடை அதைத் தாமதப்படுத்த முடியாது. 1986-ல் ஜியாட்டோ என்ற ஐரோப்பிய விண்கலம் அந்நட்சத்திரத்தின் கருவுக்கு 600 கிலோமீட்டர் அருகே சென்று படமெடுத்தபோது, சூரியன் படும் பக்கத்திலிருந்து பீச்சல்கள் கிளம்புவது நன்றாகத் தெரிந்தது. நூற்றைம்பது வருஷம் கழித்து வாதி ஜெயித்தார்.

ஆனால் எல்லாவற்றிலும் அவர் ஜெயித்தார் என்று சொல்வது நேர்மையாகாது. பீச்சலின் ஆட்டத்துக்குக் காந்தம் போன்ற ஒரு சக்தியை அவர் காரணமாகக் கற்பித்தார், அது நிலைக்கவில்லை. சூரிய ஒளியின் அழுத்தம் தூசியையும், சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றமுள்ள துகள்களின் காற்று ஆவியையும் தள்ளுவதாலேயே வால்கள் உண்டாகின்றன என்று இருபதாம் நூற்றாண்டினர் கண்டனர். பிறருடைய பிழைகளைக் கழித்துக் கணக்கிடக் கற்பித்தவருடைய பிழையையும் பின் வந்தவர்கள் கழித்துக்கொண்டார்கள். அவருடைய முறைக்கு அதைவிட மரியாதை வேறில்லை.

கோனிக்ஸ்பெர்க் நகரம் இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. பெஸ்ஸலின் ஆராய்ச்சிச் சாலையும் அழிந்தது. நகரம் ருஷியர்வசமாகி 1946-ல் காலினின்கிராட் என்று பெயர் மாறிற்று. ராஜ்யம் போயிற்று, அரச வம்சம் போயிற்று, ஊரின் பெயரும் போயிற்று. ஆனால் பிரேமன் வைத்தியர் கண்டு, பழைய குமாஸ்தா கணக்கிட்ட அந்த வால் நட்சத்திரம் 1956-ல் வந்தது. 2024-ம் வருஷம் ஜூன் மாதத்திலும் சூரியனைச் சுற்றிச் சென்றது. மறுபடியும் 2094-ல் வரும்.

எங்களுக்குப் படிக்க வசதியில்லை, வயிற்றுப் பிழைப்பே நாள் முழுவதையும் விழுங்கிவிடுகிறது, இனி எதைக் கற்பது என்று ஏங்கும் வாலிபர்கள் நம் நாட்டில் அநேகர். அவர்களுடைய குறை மெய்யானதே. அதை நாம் லேசாக எண்ணவில்லை. வசதி செய்து தர வேண்டியது தேசத்தின் கடமை. ஆயினும், பேரேட்டை மூடிவிட்டு விளக்கேற்றி உட்கார்ந்த அந்தப் பிரேமன் வாலிபனை அவர்கள் ஒரு கணம் நினைக்க வேண்டுகிறோம். பதவியிலும் புகழிலும் உயர்ந்திருக்கும் பெரியோர்களோ, தெருவில் ஒரு பையன் காகிதக் கட்டுடன் தயங்கி அணுகும்போது, ஓல்பர்ஸை நினைத்து ஒரு நிமிஷம் நிற்பார்களாக.